மார்பகத்தை எடுத்த பிறகு வீட்டில்: வன்னிப் பெண்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு தொல்லைகள் காத்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "கையை அசைக்காதேங்கோ, தையல் விட்டுப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் படலையைத் தாண்டியதும் கிணற்றடியில் வாளியும் அடுப்படியில் பானையும் அவளைத்தான் கூப்பிடும். வேறு ஆள் இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பாரம் தூக்கினால் காயம் கெடும், உள்ளே நீர் சேரும். அசைவு வேறு, சுமை வேறு. அசைவு முதல் நாளிலிருந்தே வேண்டும். சுமை ஆறு கிழமைக்கு வேண்டாம். கீழே எழுதியிருப்பவற்றில் பாதி இந்த ஒரு விஷயத்தின் விளக்கம்தான்.

ஒரு பக்க மார்பகத்தை முழுதாக எடுத்து, கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டியை மட்டும் எடுத்தவர்கள் இதைவிடச் சீக்கிரம் தேறுவார்கள். மார்பகத்தை மீளமைத்தவர்களுக்கும் சிலிக்கன் உள்வைத்தவர்களுக்கும் பயிற்சிக்கான கால அட்டவணை வேறு. அதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

திகதி கிடைத்தவுடன் செய்ய வேண்டியவை

முதலில் தண்ணீர். ஆறு கிழமைக்கு யார் அள்ளித் தருவது என்பதைப் போகுமுன் முடிவு செய்யுங்கள். குழாய் வைத்த தாங்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காலையும் மாலையும் இரண்டு பெரிய வாளி நிரப்பித் தரச் சொல்லிவையுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். கேளுங்கள். மாடு இருந்தால் அதற்கும் ஓர் ஆள் பார்க்க வேண்டும்.

அடுத்தது அடுப்படி. சீனிப் பேணி, தேயிலை, தூள் எல்லாவற்றையும் மேல்தட்டிலிருந்து இறக்கி இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். தலைவழியே போடும் உடுப்பு முதல் கிழமைகளில் சரிவராது. வீட்டுக்காரருடைய பழைய சேட்டும் நன்றாகவே உதவும்.

நீரிழிவு, பிரஷர், இருதயத்துக்கு என்று குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அஸ்பிரின், வார்பரின் மாதிரி இரத்தத்தை இளக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆற நாள் எடுக்கும்.

இன்னொன்று, எங்கள் சனத்துக்கென்றே உள்ளது. உடம்பில் செல் பீஸ், அதாவது போர்க்காலத்தில் வெடித்த குண்டின் இரும்புத் துண்டு, இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை இழுக்கவும் சூடாக்கவும் கூடும். எக்ஸ்ரேயிலும் மமோகிராமிலும் பீஸ் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். என்னவென்று தெரிந்தால்தான் அதைச் சரியாக வாசிக்கலாம். "அது அந்தக் காலத்துக் காயம், இப்ப நோகிறேல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளிக்கிடும்போது

யாழ்ப்பாணத்திலோ தெல்லிப்பழையிலோ செய்திருந்தால் கிளிநொச்சிக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வர வேண்டும். முல்லைத்தீவுக்கும் துணுக்காய்க்கும் இன்னும் தூரம். கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் செய்தவர்களுக்கு அது ஒருநாள் பயணம். அதனால் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போதே தாதியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மருந்து கட்டுவதை எங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள வைத்தியசாலையில் செய்யலாமா, காயத்திலிருந்து நீர் வடிக்கும் குழாயை யார் எப்போது கழற்றுவது, இரவில் ஏதும் நடந்தால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது. பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வாங்குங்கள். வாயால் சொன்னது மாங்குளம் தாண்டுவதற்குள் மறந்துபோகும்.

பஸ்ஸில்தான் வருகிறீர்கள் என்றால் செய்த பக்கம் யன்னல் பக்கமாக வரும்படி இருங்கள். நடைபாதையில் நிற்பவர்களின் பை வந்து இடிக்காது. கமக்கட்டுக்குக் கீழே சின்னத் தலையணி ஒன்றை வைத்தால் குலுக்கல் தெரியாது. வாகனத்தில் வந்தால் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மடித்த துவாய் வைக்கலாம். ஏ9 வீதி நல்ல வீதிதான். உள்வீதிக்கு இறங்கிய பிறகுதான் அந்தத் தலையணியின் அருமை தெரியும்.

குழாயும் போத்தலும்

மார்பகம் இருந்த இடத்தில் வெறுமையான இடைவெளி ஒன்று உண்டாகும். அதில் இரத்தமும் நிணநீரும் சேராமல் வெளியே எடுக்கத்தான் குழாய். சிலரைக் குழாய் கழற்றிய பிறகே வீட்டுக்கு விடுவார்கள், சிலரைக் குழாயோடு அனுப்புவார்கள். குழாயோடு வந்தவர்களின் வீட்டில் எல்லோருக்கும் பயம் அதில்தான். என் சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துச் செய்கிற வேலை.

ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், காலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே, அளவைப் பாருங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலை மேசையில் நிமிர்த்தி வைத்து, குனிந்து கண் மட்டத்தில் கோட்டை வாசியுங்கள். மேலிருந்து பார்த்தால் கணக்குப் பிழைக்கும். திகதி, அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள். சின்னம்மா எழுத மாட்டா; "சொல்லு பிள்ளை, நான் ஞாபகம் வைச்சிருக்கிறன்" என்பா. பின்னேரம் கேட்டால் முந்தாநாள் கணக்கு வரும். ஆகவே கொப்பி கட்டாயம்.

முதல் நாட்களில் கடும் சிவப்பாக வரும். பிறகு இளஞ்சிவப்பு, அதன் பிறகு வைக்கோல் நிறம். அளவும் நாளுக்கு நாள் குறையும். 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் கழற்றுவார்கள். பலருக்கு ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் அது வந்துவிடும். சிலருக்குக் கூடவும் எடுக்கும். உங்கள் கொப்பியைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவெடுப்பார்.

உறிஞ்சும் வகைப் போத்தல் என்றால் அதன் உறிஞ்சல் போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது, எப்படி வெறுமையாக்குவது என்பதை வாட்டில் இருக்கும்போதே தாதியின் முன்னால் ஒருதரம் நீங்களே செய்து காட்டுங்கள். குழாயில் இரத்தக்கட்டி தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். போத்தலை எப்போதும் காயத்துக்குக் கீழே வைத்திருங்கள். துணிப்பை ஒன்று தைத்துத் தோளில் மாட்டினால் நடமாட வசதி. கட்டிலோடு கட்டி வைத்தால் இரவில் மறந்து எழும்பும்போது இழுபடும்.

நன்றாக வந்துகொண்டிருந்த நீர் சடுதியாக நின்று நெஞ்சு வீங்கினால் குழாய் அடைத்திருக்கிறது. மங்கிக்கொண்டு வந்த நிறம் திரும்பவும் கடும் சிவப்பு இரத்தமாகிப் போத்தல் வேகமாக நிரம்பினால் உள்ளே இரத்தம் கசிகிறது. குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ள வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். மூன்றுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான், அடுத்த கிளினிக் நாள் அல்ல.

கழற்றிய பிறகும் சிலருக்கு நீர் சேரும். தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரித் தளம்பும். ஆபத்தில்லை. கிளினிக்கில் ஊசியால் இழுத்து எடுப்பார்கள். அந்த இடம் மரத்திருப்பதால் பலருக்கு அந்த ஊசி நோகாது. வீட்டில் குத்திப் பார்க்க வேண்டாம்.

காயம், குளிப்பு, நோ

கட்டை நனைக்காதீர்கள். குளிக்கலாம் என்று சொல்லும்வரை கதிரையில் இருந்து, ஈரத்துணியால் இடுப்புக்குக் கீழேயும் மற்றப் பக்கமும் துடைத்தால் போதும். தலை முழுக வேறு யாரையாவது வார்க்கச் சொல்லுங்கள். காயமும் குழாய் ஓட்டையும் முழுதாக ஆறும்வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கக் கூடாது. வயலுக்குள்ளும் அப்படித்தான்: சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், திறந்த காயம் அதற்கு வாசல்.

மஞ்சள், வேப்பிலை அரைப்பு, பச்சிலை, எண்ணெய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.

நோவுக்குத் தந்த குளிசையை நோ ஏறும் முன் நேரத்துக்குக் குடியுங்கள். பனடோல் என்றால் வளர்ந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் உடம்பு மெலிந்தவர்களும் தங்களுக்குரிய அளவை வைத்தியரிடமே கேட்க வேண்டும். கடுமையான நோ மருந்துகள் மலச்சிக்கல் தரும். தண்ணீரும் பழமும் கீரையும் கூட்டுங்கள்.

கமக்கட்டும் மேல்கையின் உட்பக்கமும் மரத்துப்போயிருப்பது வழமை, அந்த இடத்து நரம்பு சத்திரசிகிச்சையின்போது வெட்டுப்பட்டோ இழுபட்டோ போவதால். இல்லாத மார்பகத்தில் கடி வரும், மின் அடித்தாற்போலக் குத்தும். பைத்தியம் பிடிக்கவில்லை, நரம்பின் வேலை அது. ஆனால் மரத்த இடத்தில் சுடுதண்ணிப் போத்தலோ ஒத்தடமோ வைக்காதீர்கள். தோல் வேகும்வரை உங்களுக்குத் தெரியாது.

கை

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே தொடங்கலாம். கையை முட்டியாகப் பொத்தி விரியுங்கள். முழங்கையை மடக்கி நீட்டுங்கள். தோளை மெதுவாக முன்னும் பின்னும் சுழற்றுங்கள். நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு தடவை, நாளுக்கு மூன்று நேரம். முதல் கிழமையிலும் குழாய் இருக்கும்வரையும் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். தலை வாருவது, முகம் கழுவுவது, சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும் அந்தக் கையாலேயே செய்யுங்கள். அவையும் பயிற்சிதான்.

குழாய் போன பிறகு சுவரில் ஏறும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நடந்து கையை மேலே கொண்டுபோங்கள். இழுக்கிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, இறக்குங்கள். சின்னம்மாவின் வீட்டுத் தாழ்வாரச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தோம். நேற்றைய கோட்டை விட ஒரு விரல் மேலே போனால் அன்றைக்கு அவவின் முகமே வேறு. சில நாள் கீழேதான் நிற்கும், அதுவும் சரி. பிறகு மல்லாந்து படுத்து, விளக்குமாற்றுத் தடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் உதவியோடு தலைக்கு மேலே கொண்டுபோங்கள். அடுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்து முழங்கைகளை விரியுங்கள். இழுவை தெரியலாம், வெட்டுகிற மாதிரி நொந்தால் நிறுத்துங்கள். அரை மணி முன்னதாக நோக் குளிசை எடுத்துக்கொண்டு செய்தால் இலகு.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகியவர்களுக்கு அது ஏலாது, சிகிச்சையே தள்ளிப்போகும்.

சில கிழமைகளில் கமக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாகத் தோலுக்குக் கீழே நாண் மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கலாம். பயப்பட வேண்டாம். பயிற்சியைத் தொடர்ந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் இளகிவிடும். கிளினிக்கில் காட்டினால் பிசியோதெரபிக்கு அனுப்புவார்கள். "நரம்பு பிசகியிருக்கு, எண்ணெய் போட்டு உருவிவிடுறன்" என்று வருகிறவர்களிடம் மட்டும் கையைக் கொடுக்காதீர்கள்.

இனிச் சுமை. ஆறு கிழமைக்கு அந்தக் கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த சாதாரணக் கேத்தல் ஒன்று அவ்வளவு வரும். நிறைகுடம் அதைவிட எத்தனையோ மடங்கு. துலா, கப்பி, உரல், மண்வெட்டி, கொள்ளிக் கட்டு, சைக்கிளில் அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். இடியப்பம் பிழிவதும் தேங்காய் துருவுவதும் பாரம் இல்லாவிட்டாலும் அழுத்தம். அதையும் பிள்ளைகளிடம் விடுங்கள். கீரை ஆயலாம், கறி கிளறலாம், சின்ன உடுப்பு அலசலாம். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள், திடீரென்று பிரேக் பிடிக்கவும் ஹாண்டிலைத் திருப்பவும் நோவில்லாமல் முடிகிறதா என்று முற்றத்தில் பார்த்த பிறகே வீதிக்கு எடுங்கள்.

நடப்பது எவ்வளவும் நல்லது, வெயில் தாழ்ந்த பிறகு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பாற்செம்பு எடுக்க நேர்த்தி வைத்திருந்தால் அடுத்த வைகாசிக்குத் தள்ளி வையுங்கள். அம்மன் கோபிக்க மாட்டா.

சாப்பாடு

கிரந்தி, அதாவது புண்ணைக் கிளறும் சாப்பாடு என்று சொல்லி முட்டை, மீன், றால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, சோறும் மிளகு தண்ணியுமாகக் காயவிடுவார்கள். காயம் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும். முட்டை, குளத்து மீன், பருப்பு, பயறு, கடலை, முருங்கையிலை, பால் நன்றாகச் சாப்பிடுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பொருளை மட்டும் தவிருங்கள்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரன்ஹைற் அல்லது அதற்கு மேல். காயம் சிவந்து சூடாகிப் பரவுதல், சீழ், நாற்றம், தையல் விடுதல். இவற்றுக்கு அன்றைக்கே போக வேண்டும். மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல் வந்தால் காலில் இரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போயிருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) தொடங்கிய பிறகு வரும் காய்ச்சலைப் பனடோல் போட்டு அமத்திப் பார்க்கவே கூடாது. நடுச்சாமமானாலும் போங்கள்.

உடுப்பும் கண்ணாடியும்

முதல்தடவை கட்டு அவிழ்க்கும்போது பார்ப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். சிலருக்கு அன்றே பார்த்தால்தான் மனம் ஆறும். சிலர் மாதக்கணக்கில் கண்ணாடியைத் திருப்பி வைப்பார்கள். இரண்டும் நடக்கிறதுதான். வீட்டுக்காரர் பார்க்கக் கேட்டால் காட்டலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். அவரும் என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் மாட்டுக் கொட்டிலில் நின்றுகொண்டிருப்பார். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் கிழமைக்கணக்கில் போனால் கிளினிக்கில் வாய் விட்டுச் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இழப்பு மேல் இழப்பாகக் கண்ட பெண்களுக்கு இந்த இழப்பு பழைய எல்லாவற்றையும் கிளறிவிடும்.

காயம் ஆறும்வரை பழைய பருத்திச் சேலைத் துண்டில் பை தைத்து, இலவம் பஞ்சு அடைத்து, தளர்ந்த உள்சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஊரிலுள்ள தையல் அக்காவிடம் உள்சட்டையின் உட்பக்கம் சின்னப் பை ஒன்று தைத்துத் தரச் சொன்னால் அது நழுவாது. ஆறு எட்டுக் கிழமைக்குப் பிறகு உள்சட்டைக்குள் வைக்கும் பாரமுள்ள சிலிக்கன் மார்பகம் போடலாம். பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு இது அழகுக்காக மட்டுமல்ல. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் கழுத்தும் முதுகும் நோகத் தொடங்கும். சிலிக்கன் வாங்க வசதியில்லாவிட்டால் பஞ்சுக்குள் காய்ந்த தானியம் கொஞ்சம் வைத்துப் பாரம் கூட்டலாம். கழுவும்போது தானியத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எதுவுமே போடாமல் திரிவதும் உங்கள் உரிமை.

றிப்போட்டும் அடுத்த வைத்தியமும்

எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வர சில கிழமை ஆகும். கட்டியின் கலங்களில் ஹோர்மோன் ஏற்பிகளும் (ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) ஹெர்2 என்ற புரதமும் இருக்கிறதா இல்லையா என்று அதில் வரும். கீமோ, கதிர், குளிசை எல்லாம் அந்த முழு றிப்போட்டை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். ஹோர்மோன் வகை என்றால் தமொக்சிபென் போன்ற குளிசையை ஐந்து வருடமாவது குடிக்க வேண்டிவரும். சுகமாய்த்தானே இருக்கிறேன் என்று இடையில் விடுகிறவர்களும் உண்டு. றிப்போட்டின் போட்டோப்பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

கீமோ பொதுவாகக் காயம் ஆறியதும், நாலு முதல் ஆறு கிழமைக்குள் தொடங்கும். காலபோக அறுவடை முடியட்டும், மகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். 35 வயது தாண்டிய சகோதரிகளையும் பெண்பிள்ளைகளையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புங்கள், இலவசம்தான். இளையவர்கள் எந்த வயதில் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதை உங்கள் கிளினிக்கிலேயே கேளுங்கள்.

பழைய வேலைக்குத் திரும்பும்போது

ஆறு கிழமைக்குப் பிறகு வைத்தியர் சரி என்றால் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்: அரை வாளி, பிறகு முக்கால் வாளி. கைப்பலம் திரும்பவும் வேண்டும். கிணற்றடிக்கு ஆயுள் முழுக்கப் போகக் கூடாது என்பது தேவையில்லாத பயம்.

கவனம் வேண்டியது கை வீக்கத்துக்கு. கமக்கட்டுக் கணுக்களை எடுத்தபின் நிணநீர் வடிய வழி குறைவு. மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ கை வீங்கலாம். ஒன்றிரண்டு கணு மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவு. வெட்டுக்காயம், முள், சூடு, பூச்சிக்கடி வழியாகக் கிருமி ஏறினால் வீக்கம் தொடங்க அதுவே போதும். தோட்டத்தில் கையுறை போடுங்கள், விறகு முறிக்கும்போது நீளக்கைச் சட்டை போடுங்கள், சின்னக் கீறலையும் உடனே கழுவி மருந்து போடுங்கள். தோல் வெடிக்காமல் எண்ணெய் பூசுங்கள். அந்தக் கையில் இறுக்கமான காப்பும் கோயில் நூலும் வேண்டாம். ஊசி போடுவதற்கும் பிரஷர் பார்ப்பதற்கும் முடிந்தவரை மற்றக் கையைக் கொடுங்கள்; அவசரத்துக்கு வேறு வழியில்லாவிட்டால் பரவாயில்லை. உடம்பு நிறை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் நாடா ஒன்று வாங்கி வையுங்கள். முழங்கைக்கு மேலே 10 சென்ரிமீற்றரிலும் கீழே 10 சென்ரிமீற்றரிலும் இரண்டு கையையும் அளந்து, குழாய்க் கணக்கு எழுதிய அதே கொப்பியில் மாதம் ஒருமுறை குறியுங்கள். முதல் அளவை எடுத்த நாளோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் பிடிபடும், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை இயல்பிலேயே கொஞ்சம் பருத்திருக்கலாம். இரண்டு சென்ரிமீற்றர் கூடினாலோ, காப்பு திடீரென்று இறுகினாலோ, கை பாரமாகத் தெரிந்தாலோ போய்க் காட்டுங்கள். தொடக்கத்தில் கை முழுக்க அழுத்திப் பிடிக்கும் நீள உறையும் பயிற்சியும் வைத்தே கட்டுப்படுத்தலாம். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று, அன்றைக்கே அன்ரிபயோட்டிக் தொடங்க வேண்டும்.